பழைய ஷெல் கார்டோவன் ஷூவை மீட்பது: பிரஷ் முதலில், கிரீம் கடைசியில்

ஷெல் கார்டோவன் என்பது குதிரைத் தோலில் ஒரு வகை. அதில் செய்த பழைய ஷூ வாங்கும் பலர் முதல் வாரத்திலேயே அதற்கு அளவுக்கு மீறி ஊட்டிவிடுகிறார்கள். எண்ணெய் தடவுகிறார்கள், கிரீம் பூசுகிறார்கள், மெழுகு ஏற்றுகிறார்கள், பளபளப்பு வரவில்லையே என்று மறுபடியும் எண்ணெய்க்குப் போகிறார்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்த ஷூ, அக்கறை மிகுந்த கைகளில் பிசுபிசுத்துப் போகிறது. இந்தத் தோலுக்குத் தேவையான கொழுப்பு பெரும்பாலும் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. அதை மேலே கொண்டுவருவதுதான் நம் வேலை. அதற்கு ஒரு நல்ல குதிரைமயிர் பிரஷும் பொறுமையும் முக்கால்வாசி போதும். இது ஏன் என்று புரிய வேண்டுமானால், இந்தத் தோல் எங்கிருந்து வருகிறது, எப்படிச் செய்யப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மாட்டுத் தோல் ஷூவில் நாம் காண்பது தோலின் வெளிப்புறம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மயிர்க்கால்கள் இருந்த நுண்துளைகள் தெரியும். ஷெல் கார்டோவனில் அவை இல்லை. குதிரையின் பிட்டப் பகுதித் தோலுக்குள், மயிர்ப்பக்கத்துக்கும் இறைச்சிப் பக்கத்துக்கும் நடுவே, நார்கள் மிக நெருக்கமாகப் பின்னிய ஒரு தட்டையான அடுக்கு இருக்கிறது. அதுதான் 'ஷெல்'. இதைத் தசை என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அது தசை அல்ல. அடர்ந்த கொலாஜன் நார். இறைச்சிப் பக்கத்தைக் கவனமாகச் சீவி அந்த அடுக்கை வெளிக்கொணர்கிறார்கள். சீவிய அந்தப் பக்கமே ஷூவின் வெளிமுகமாகிறது. ஒரு குதிரைக்கு இடமும் வலமுமாக இரண்டு நீள்வட்டத் துண்டுகள்தான் கிடைக்கும். ஒரு ஜோடி ஷூ, கூடிப்போனால் இரண்டு ஜோடி. விலை ஏறியிருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

குதிரைத் தோல் என்றதும் சிலருக்கு மனம் சங்கடப்படும். அது நியாயமான சங்கடம்தான். இந்தத் தோலுக்காக யாரும் குதிரை வளர்ப்பதில்லை. குதிரை இறைச்சி உண்ணும் வழக்கம் உள்ள பிரான்ஸ், கனடா போன்ற இடங்களிலிருந்து உபபொருளாக வருகிறது. பழைய ஷூவை மீட்டு அணிவதில் எனக்குள்ள ஈடுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணம். அந்த விலங்கு கொடுத்தது இன்னொரு முப்பது ஆண்டுகள் பயன்படட்டும்.

சிகாகோவில் ஆறு மாதம்

இந்தத் தோலின் பெயரோடு பிரிக்க முடியாமல் ஒட்டியிருப்பது சிகாகோவின் ஹார்வீன் தோல் நிறுவனம். உக்ரைனிலிருந்து குடியேறிய ஐசடோர் ஹார்வீன் 1905-இல் தொடங்கியது. அப்போது ஷெல் தோலின் பெரிய சந்தை ஷூ அல்ல. சவரக்கத்தியைத் தீட்டும் தோல் வார்கள். வழவழப்பும் உறுதியும் ஒன்றாக வாய்த்த தோல் என்பதால் அந்த வேலைக்குப் பொருத்தமாக இருந்தது. ஜில்லெட்டின் பாதுகாப்பு ரேஸர் 1903-இல் விற்பனைக்கு வந்து, பிறகு வீட்டுக்கு வீடு பரவியது. கத்தி தீட்டும் வழக்கமே தேய்ந்தபோது தோல்காரர்கள் ஷூ பக்கம் திரும்பினார்கள். ஜப்பானின் ஹிமேஜி நகரில் ஷின்கி ஹிகாகு என்ற நிறுவனமும் தரமான ஷெல் செய்கிறது. ஆனால் பழைய அமெரிக்க ஷூக்களைத் தேடுகிறவர் கைக்கு வருவது பெரும்பாலும் ஹார்வீன் தோலாகத்தான் இருக்கும்.

செய்முறைதான் விஷயத்தின் உயிர். தோலைக் குழிகளில் தொங்கவிட்டு, செஸ்ட்நட், கெப்ராச்சோ ஆகிய மரங்களின் சாற்றில் இரண்டு மாத அளவு ஊறவிடுகிறார்கள். முதலில் நீர்த்த சாறு, பிறகு செறிந்த சாறு. நம் ஊரில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டதும் இதே தத்துவம்தான். பட்டையிலும் மரத்திலும் உள்ள துவர்ப்புப் பொருள் நார்களைப் பிணைத்து அழுகவிடாமல் காக்கிறது. அடுத்து, சூடான கொழுப்பு, எண்ணெய், மெழுகு ஆகியவற்றின் கலவையைத் தோலுக்குள் நிறைய ஏற்றுகிறார்கள். பிறகு கண்ணாடிச் சட்டங்களில் ஒட்டி உலர்த்தி, மாதக்கணக்கில் கிடத்தி வைக்கிறார்கள். கொழுப்பு நார்நாராகப் பரவ அந்த ஓய்வு வேண்டும். கடைசியாகச் சீவி, கையால் சாயமேற்றி, கண்ணாடி உருளை பொருத்திய இயந்திரத்தால் அழுத்தித் தேய்க்கிறார்கள். எல்லாம் சேர்ந்து குறைந்தது ஆறு மாதம்.

இதில் இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தோலுக்குள் கொழுப்பு ஏராளமாக இருக்கிறது. இதன் பளபளப்பு மேலே பூசிய பூச்சினால் வந்ததல்ல, நார்கள் அழுந்திப் படிந்ததால் வந்தது. எண்ணெய் தடவிப் படிய வாரிய தலைமுடியைப் போல, தண்ணீர் பட்டால் அந்த நார்கள் எழும்பும்; தேய்த்தால் மறுபடி படியும். பராமரிப்பு பற்றி இனி நான் சொல்லப்போவது அத்தனையும் இந்த இரண்டிலிருந்து பிறப்பதுதான்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டில் ஷெல் ஷூ செய்தவர்கள் பலர். 1892-இல் சிகாகோவில் தொடங்கிய ஃப்ளோர்ஷைம், 1884-இல் தொடங்கி இன்றும் மாசசூசெட்ஸின் மிடில்பரோவில் ஷூ செய்யும் ஆல்டன், பென்சில்வேனியாவின் ஹனோவர், சிரக்யூஸ் நகரின் நெட்டில்டன். இவர்களுள் பழைய ஷூ பிரியர்கள் அதிகம் தேடுவது ஃப்ளோர்ஷைம் இம்பீரியல் வரிசையின் 'லாங் விங்' ஷூவை. முன்பக்க இறக்கை வடிவத் துண்டு, துளை அலங்காரத்தோடு குதிகால்வரை நீண்டு போகும். இரட்டை சோல், ஹீலில் பதித்த வி வடிவ உலோகத் தகடு, தூக்கினாலே கனம் தெரியும் உடம்பு. மொசைக் தரையிலும் டைல்ஸிலும் அந்தத் தகடு வழுக்கும். வாங்குகிறவர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அமெரிக்க ஷூ வணிகத்தில் 'கார்டோவன்' என்பது கருஞ்சிவப்பு நிறத்துக்கும் பெயர். ஆகவே கார்டோவன் என்று விற்கப்படும் பழைய ஷூக்களில் கணிசமானவை அந்த நிறச் சாயமேற்றிய மாட்டுத் தோல்தான். பெயரை நம்பாமல், விரல்கள் மடங்கும் இடத்தைப் பாருங்கள். மாட்டுத் தோலில் அங்கே நிறைய மெல்லிய சுருக்கங்கள் விழும். ஷெல்லில் சுருக்கம் விழாது. அகலமான இரண்டு மூன்று அலைகளாகத் தோல் புரளும். இணையத்தில் வாங்குகிறவர்கள் அந்த இடத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அடுத்து, உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூசி, கீறல், மங்கல், நிறம் வெளுத்தல், எதற்கும் கவலை வேண்டாம். விரிசலுக்கு மட்டும் கவலைப்படுங்கள். அலைகளின் பள்ளத்தில் நார்கள் அறுந்து வெடித்திருந்தால் அதை எந்தக் கிரீமும் ஒட்டவைக்காது. நிரப்பிப் பூசி மறைக்கலாம். நடந்தால் மறுபடி வாய் திறக்கும். விரிசல் எங்கே அதிகம் வரும் என்றால், சுண்டுவிரல் பக்கம் மடியும் இடத்திலும், சோலோடு சேரும் ஓரத்திலும். உள்ளே கையை விட்டு, பாதம் படும் உள்தளமான இன்சோலையும் தடவிப் பாருங்கள். அது வறண்டு குறுக்கே பிளந்திருந்தால் சரிசெய்யும் செலவு ஷூவின் விலையைத் தாண்டிவிடும். சோல் தேய்ந்திருப்பது ஒரு பொருட்டே அல்ல.

மீட்கும் வேலை

ஷூ வந்ததும் காலில் போட்டுப் பார்க்கத் தோன்றும். பொறுங்கள். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்த தோல் வறண்டிருக்கும்; முதல் மடிப்பிலேயே வெடிக்கலாம். ஷூவின் வடிவம் கலையாமல் உள்ளே வைக்கும், செடார் மரத்தால் ஆன ஷூ ட்ரீயையும் அடித்துத் திணிக்க வேண்டாம். முதலில் கயிற்றைக் கழற்றிவிட்டு, பிரஷால் தூசியை முழுக்கத் தட்டுங்கள். நாக்குப் பகுதியின் மடிப்புகளிலும், சோலும் மேற்பகுதியும் சேரும் வெல்ட் விளிம்பிலும் மண் ஒளிந்திருக்கும். அங்கே பழைய பல் துலக்கும் பிரஷ் நன்றாக வேலை செய்யும்.

பிறகு, பருத்தித் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஷூ முழுவதையும் ஒரே சீராகத் துடையுங்கள். சொட்டுச் சொட்டாக ஈரம் படுவதுதான் கறை. சீரான ஈரம் கெடுதல் செய்யாது. துணியில் பழுப்பும் கறுப்புமாக வரும். அது பெரும்பாலும் முந்தைய உடைமையாளர்கள் ஏற்றிய மெழுகும் நிறமும். துணியைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தி, அது ஓரளவு சுத்தமாக வரும்வரை துடைக்கலாம். இந்தக் கட்டத்தில் வலுவான கரைப்பான்களை எடுக்கச் சொல்லும் யோசனைகள் நிறைய உலவுகின்றன. ஷெல்லின் சாயம் கையால் ஏற்றியது. கரைப்பான் மெழுகோடு அதையும் உரித்துவிடும். மெழுகு கட்டியாக உறைந்து வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மென்மையான ஷூ கிளீனரை நாக்கின் மறைவான பகுதியில் சோதித்துவிட்டுத் தொட்டுத் தொட்டுப் பயன்படுத்துங்கள்.

ஒரு நாள் நிழலில் காயட்டும். விசிறிக் காற்றும் வேண்டாம், வெயிலும் வேண்டாம்.

காய்ந்தபின் ஷூவை அழுத்திப் பாருங்கள். விறைப்பாக, மரத்ததுபோல் இருந்தால் ஊட்டம் தேவை. வளைந்துகொடுத்தால் தேவையில்லை, நேரே பிரஷுக்குப் போய்விடலாம். ஊட்டம் தேவை என்றால், ஷெல்லுக்கென்றே செய்யப்படும் கிரீம் கிடைக்கிறது. பிரான்ஸின் சஃபீர் நிறுவனத்தின் கார்டோவன் கிரீம் அவற்றுள் பரவலாகத் தெரிந்தது. மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் இந்த வகைக் கிரீம்களில் இருக்கும். எண்ணெயைத் தனியாகவே வாங்கித் தடவுகிறவர்களும் உண்டு. அது நிறத்தைக் கறுக்கச் செய்யும், அளவு தவறினால் தோல் தொளதொளத்துவிடும். அதனால் தொடங்குகிறவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கிரீமை விரல் நுனியில் ஒரு பயறளவு எடுத்து, ஒரு ஷூ முழுவதற்கும் அதையே பரப்புங்கள். மடிப்புகளுக்கு இன்னும் சிறிது. ஒரு நாள் விட்டுவிடுங்கள். தோல் அதைக் குடித்துவிட்டு இன்னும் வறண்டு தெரிந்தால் மறுநாள் இன்னொரு மெல்லிய பூச்சு. நெடுநாள் வறண்ட ஷூவுக்கு இப்படி ஒரு வாரம் எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. ஒரே இரவில் ஊறவைப்பதில்தான் தவறு.

தோல் இளகியபின் ஷூ ட்ரீயை மெதுவாக உள்ளே விடுங்கள். இப்போதுதான் எனக்கு மிகப் பிடித்த கட்டம் வருகிறது. தேய்க்கும் எலும்பு என்று ஒன்று உண்டு. வழவழப்பான மான் கால் எலும்பைக் கொண்டு ஷெல்லைத் தேய்ப்பது பழைய வழக்கம். எலும்பு இல்லாவிட்டால் விளிம்பு கூர்மையில்லாத எவர்சில்வர் ஸ்பூனின் முதுகு அதே வேலையைச் செய்யும். அலைகளின் மேட்டிலும் பள்ளத்திலும், கீறல்களின்மேலும், துளிக் கிரீமோடு, மிதமான அழுத்தத்தில் நீளவாக்கில் தேய்த்துக்கொண்டே போங்கள். எழும்பிய நார்கள் படியத் தொடங்கும். மாட்டுத் தோலில் ஆயுளுக்கும் நிற்கக்கூடிய கீறல், இங்கே கண்முன்னே மங்கி மறையும். தோலின் மேற்பரப்பு அறுபடாமல் நார்கள் கலைந்து மட்டும் போயிருந்ததால் இது முடிகிறது. ஆழமாக வெட்டுப்பட்ட இடம் மறையாது. ஆனால் அது கரடுமுரடு போய் வழவழப்பான வடுவாகிவிடும்.

பிறகு பிரஷ். இரண்டு நிமிடமல்ல, ஒரு ஷூவுக்குப் பத்து நிமிடமாவது, வேகமாக, மணிக்கட்டை விட்டு முழங்கையிலிருந்து வீசி. உராய்வின் சூடு தோலுக்குள் உள்ள மெழுகை இளக்கி மேலே கொண்டுவருகிறது, மயிர்கள் அதைப் பரப்பிவிடுகின்றன. முதல் சில நிமிடங்கள் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அதன்பின் ஆழத்திலிருந்து ஒளி எழும்பி வருவதைப் பார்க்கும்போது, பாலிஷ் டப்பாவைத் திறக்கவே மனம் வராது.

நிறம் வெளுத்த இடங்களுக்கு என்ன செய்வது? 'கலர் 8' என்று ஹார்வீன் பெயரிட்ட கருஞ்சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளிறி, செம்பழுப்பாக மாறும் இயல்புடையது. ஒரே ஷூவில் முனை ஒரு நிறம், மடிப்பின் பள்ளம் ஒரு நிறம் என்று ஐந்தாறு சாயல்கள் வந்துவிடும். இதைக் குறையாக நினைத்து நிறமிக் கிரீமால் ஒரே சீராக மூடிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். புதிய ஷூவில் காசு கொடுத்தாலும் கிடைக்காத நிறம் அது. முனைத் தேய்மானம் சாம்பல் பூத்துத் தெரிந்தால் அங்கே மட்டும் நிறக் கிரீம் போதும். சோல் விளிம்புக்கு விளிம்பு மை தனியாகக் கிடைக்கிறது. அதைப் பூசினாலே பாதிப் பழமை மறைந்துவிடும்.

வெள்ளைப் படிவம்: இரண்டில் எது?

மடிப்புகளில் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைக் கண்டு பயந்து கேட்பவர்கள் அதிகம். அது இரண்டில் ஒன்று. உள்ளிருக்கும் கொழுப்பும் மெழுகும் வெளியே கசிந்து உறைவது ஒன்று, பூஞ்சை இன்னொன்று. முன்னது ஷெல்லுக்கு இயல்பானது. அணியாமல் வைத்திருந்த ஷூவிலும் குளிர்ந்த இடங்களிலும் அடிக்கடி வரும். பிரித்தறிய ஓர் எளிய வழி: முடி உலர்த்தும் கருவியைத் தள்ளிப் பிடித்து, வெதுவெதுப்பான காற்றைச் சில நொடிகள் காட்டுங்கள். கொழுப்பு என்றால் உருகி மறையும். பூஞ்சை என்றால் அப்படியே இருக்கும். பூஞ்சை பொதுவாகப் பஞ்சுபோல் புள்ளி புள்ளியாகப் பரவும், முடை நாற்றமும் இருக்கும். மடிப்பில் மட்டுமின்றி உள்புறத்திலும் தையலிலும் தென்படும்.

கொழுப்புக் கசிவைத் துடைத்து எறியாதீர்கள். அது தோலின் சொத்து. பிரஷால் தேய்த்தால் திரும்ப உள்ளே போய்விடும். பூஞ்சையை வீட்டுக்கு வெளியே எடுத்துச் சென்று உலர்ந்த துணியால் துடைத்து, தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் உள்ளும் புறமும் மீண்டும் துடைத்து, காற்றோட்டமான நிழலில் நன்றாக உலர்த்துங்கள். அந்தத் துணியையும் பிரஷையும் மற்ற ஷூக்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. குளிர்நாட்டில் பிறந்த இந்த ஷூக்களைச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வைத்திருப்பவர்களுக்கு உண்மையான எதிரி இதுதான். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் மூடிய அலமாரியின் அடித்தட்டைவிட, மின்விசிறிக் காற்று படும் திறந்த தட்டு நல்லது. சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் அவ்வப்போது மாற்ற மறக்காதீர்கள்.

மழைத்துளி பட்ட இடத்தில் கொப்புளம்போல் சிறு மேடுகள் எழும்பும். பதற வேண்டாம், நார்கள் ஈரத்தில் எழும்பியிருக்கின்றன, அவ்வளவுதான். ஷூ ட்ரீயைப் போட்டு முழுக்க உலரவிட்டு, ஸ்பூன் முதுகால் தேய்த்து, பிரஷ் போட்டால் பெரும்பாலும் படிந்துவிடும். பிடிவாதமான புள்ளிகளுக்கு, ஷூ முழுவதையும் ஈரத்துணியால் சீராகத் துடைத்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். மழை என்று தெரிந்தால் வேறு ஷூ போடுவது இன்னும் எளிது.

அணியத் தொடங்கிய பிறகு

வழக்கமான பராமரிப்பு வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. கழற்றியதும் ஷூ ட்ரீ, ஒரு நிமிட பிரஷ். அடுத்த நாள் ஓய்வு. பாதத்தின் ஈரம் வற்ற அந்த இடைவெளி வேண்டும். மங்கலாகத் தெரியும்போது ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் நீண்ட பிரஷ். கிரீம் ஆண்டுக்கு ஓரிரு முறை போதும். கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்று மெழுகுப் பாலிஷை அடுக்கடுக்காக ஏற்றினால், தோல் புரளும்போது மெழுகு உடைந்து, மடிப்பு முழுக்க வெண்கோடுகள் தெரியும். முனையிலும் குதிகாலிலும் கொஞ்சம் பூசிக்கொள்ளலாம். மடியும் இடத்தில் வேண்டாம்.

சோல் தேயும்போது மாற்ற முடியும் என்பதுதான் இந்த ஷூக்கள் அரை நூற்றாண்டைக் கடந்ததன் ரகசியம். மேற்பகுதியையும் இன்சோலையும் வெல்ட் என்ற தோல் பட்டையோடு தைத்து, அந்த வெல்ட்டோடு சோலைத் தனியாகத் தைக்கும் குட்இயர் வெல்ட் முறையில் இவை செய்யப்பட்டவை. சோலைப் பிரித்தாலும் மேற்பகுதிக்கு ஊறு வராது. ஆல்டன், ஆலன் எட்மண்ட்ஸ் ஆகிய நிறுவனங்கள் தங்கள் ஷூக்களைத் திரும்பப் பெற்று, அவற்றைச் செய்த மூல அச்சிலேயே ஏற்றிப் புதுப்பித்துத் தருகின்றன. மற்ற ஷூக்களை வெல்ட் தையல் தெரிந்த கைவினைஞரிடம் கொடுக்க வேண்டும். சோலை ஒட்டி மட்டும் தருகிறவரிடம் கொடுத்தால் அந்த வாய்ப்பு வீணாகும். கொடுக்கும்போது இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சோலுக்கும் இன்சோலுக்கும் நடுவே உள்ள கார்க் நிரப்பு நொறுங்கியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மேற்பகுதியைத் தேய்த்துச் சாயம் பூசித் 'புதுசாக்கி' தர வேண்டாம், அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒரு சீட்டில் எழுதி ஷூவுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பட்டறையில் வேலை செய்யும் கை, உங்களிடம் பேசிய ஆளின் கையாக இருக்காது.